பெயருக்கு நேரே எழுத்து விழாமல்: அயல்நாட்டுப் பாய்ப்படகுப் பந்தயத்துக்கு முதன்முறை செல்வோருக்கு

பாய்ப்படகுப் பந்தயத்தின் முடிவுப் பட்டியலை முதன்முறையாகக் கையில் எடுப்பவர், எண்களுக்கு இடையே சில கட்டங்களில் மட்டும் மூன்று மூன்று ஆங்கில எழுத்துகள் நிற்பதைக் காண்பார். ஓ.சி.எஸ். என்றால் தொடக்கக் கோட்டை நேரத்துக்கு முன்பே தாண்டியவர், டி.என்.எஃப். என்றால் ஓட்டத்தை முடிக்காதவர், டி.எஸ்.கியூ. என்றால் தகுதி நீக்கப்பட்டவர். இந்த விளையாட்டில் முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். தொடர் முழுவதற்கும் கூட்டிப் பார்த்து, குறைந்த புள்ளி எடுத்தவரே வெல்கிறார். எழுத்து விழுந்தவருக்கோ, பதிவான படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய புள்ளி.

நாகப்பட்டினத்திலிருந்து நான் சென்ற முதல் அயல்நாட்டுப் பந்தயத்தில் 54 படகுகள், ஆறு ஓட்டங்கள். மிக மோசமான ஓட்டம் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். நான்கு ஓட்டங்களில் 31, 34, 29, 33 என்று வந்தேன். மற்ற இரண்டிலும் எழுத்து: ஒன்று, என்னைத் திரும்ப அழைத்த கொடியைப் பார்க்காததால், இன்னொன்று, ஊரிலிருந்து கொண்டுபோன பழைய கயிறு நடுக்கடலில் அறுந்ததால். இரண்டுக்கும் தலா 55 புள்ளி. ஒன்றைக் கழித்தும் மொத்தம் 182. அந்த இரண்டு ஓட்டங்களிலும் 35ஆவதாக ஊர்ந்து வந்திருந்தால்கூட 162தான். வேகம் பல ஆண்டுகளில் வருவது. எழுத்து விழாமல் தொடரை முடிப்பதை முதல் பயணத்திலேயே செய்துவிடலாம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகவே, நிகழும் வரிசையில் எழுதப்பட்டவை.

எந்தப் படகு, எந்தப் பந்தயம்

பதினைந்து வயது நிறைவடையும் ஆண்டு வரை ஆப்டிமிஸ்ட் என்ற சிறு படகில் போட்டியிடலாம். அதற்கு மேல், தனியாள் ஓட்டும் படகு என்றால் முன்பு லேசர் எனப்பட்ட ஐ.எல்.சி.ஏ. படகுதான் நமக்கு எளிதில் வாய்ப்பது. நீளம் சுமார் 4.2 மீட்டர்; உடல் எல்லாவற்றுக்கும் ஒன்றே, பாயும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும்தான் மாறும். பாயின் பரப்பு ஐ.எல்.சி.ஏ. 4க்கு 4.7 சதுர மீட்டர், 6க்கு 5.76, 7க்கு 7.06. ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட்டுவது 6, ஆண்கள் ஓட்டுவது 7. ஓமனின் முசன்னாவில் 2021 ஏப்ரலில் நடந்த தகுதிப் போட்டியின் வழியாக, ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரைச் சென்னையின் நேத்ரா குமணன் பெற்றது ஐ.எல்.சி.ஏ. 6இல், வேலூர்க்காரரான விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது 7இல். அவர்களைப் பார்த்துப் பாயைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள இளைஞர் 7ஆம் பாயைக் கட்டிக்கொண்டு பலத்த காற்றில் இறங்கினால், ஓட்டுவதைவிடக் கவிழ்ந்து நிமிர்த்துவதிலேயே பொழுது போய்விடும்.

பந்தயங்களில் இரு வகை உண்டு. உலகச் சாம்பியன் போட்டி போன்றவற்றில் நாட்டுக்கு இத்தனை இடம் என்ற ஒதுக்கீடு இருக்கும். திறந்த பந்தயங்களில் வகுப்புச் சங்க (படகு வகை ஒவ்வொன்றையும் வகுப்பு என்பார்கள்) உறுப்பினர் எவரும் கட்டணம் செலுத்திச் சேரலாம். ஜெர்மனியின் கீல் நகரில் 1882 முதல் நடந்துவரும் கீல் வாரப் பந்தயம் பெயர்பெற்றதுதான். ஆனால் முதல் பயணத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீரின் குளிர், விசா, செலவு மூன்றும் சேர்ந்து புதியவரை அழுத்திவிடும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருக்கும்போது, அந்தப் பக்கத்துத் திறந்த பந்தயம் ஒன்றில் தொடங்குவதே அறிவு. அதற்கும் முன்பாக, ஹைதராபாதின் ஹுசைன் சாகர் ஏரியில் ஜூலை மாதங்களில் நடக்கும் பந்தயத்தை ஒருமுறையாவது முடித்திருக்க வேண்டும்; ஏரிக் காற்று நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறுவதால், கடலோரத்தில் பழகியவருக்கு அதைவிடக் கடுமையான பள்ளி கிடைப்பது அரிது.

சென்னையில் பழகுவதும் ஊரில் பழகுவதும்

டெல்டாக்காரருக்கு வழி சென்னை வழியாகத்தான் போகிறது. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கமும் சென்னைத் துறைமுகத்தை ஒட்டி இயங்குகின்றன. பள்ளி, கல்லூரி விடுமுறையில் பத்துப் பதினைந்து நாள் தங்கிப் பழகி, இடையில் ஊருக்குத் திரும்புவதே பெரும்பாலோருக்கு இயலக்கூடியது. எனவே ஊரில் இருக்கும் நாட்களை வீணாக்காமல் இருப்பதுதான் சென்னைப் பிள்ளைகளோடு உள்ள இடைவெளியைக் குறைக்கும்.

முதலாவது, காற்றுக் குறிப்பேடு. நாகூரிலோ தரங்கம்பாடியிலோ வேளாங்கண்ணியிலோ கடற்கரைக்குப் போய், காலை ஆறு மணி, நண்பகல், மாலை நான்கு மணி என மூன்று வேளையும் காற்றின் திசையையும் வலுவையும் எழுதி வையுங்கள். ஆனி ஆடியில் காலையில் நிலத்திலிருந்து கச்சான் வீசுவதும், வெயில் ஏறியபின் அது தளர்ந்து கடற்காற்று உள்ளே வருவதும், ஐப்பசிக்குப் பின் வாடை நிலைகொள்வதும் நம் கரையில் மீன்பிடிக்கும் எவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் தெரிந்திருப்பது வேறு, எந்த மணிக்கு எத்தனை பாகை திரும்பியது என்று எழுதிப் பழகியிருப்பது வேறு. அயல்நாட்டுத் துறையில் உங்களுக்குப் பயன்படப்போவது இரண்டாவதே. மோட்டார் வந்தபின் பாய் இறங்கிவிட்டது என்றாலும், பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டிய பெரியவர்கள் அக்கரைப்பேட்டையிலும் பழையாற்றிலும் இன்னும் இருக்கிறார்கள். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தாமான் என்பார்கள். அதைத் தளர்த்துவதற்கும் இறுக்குவதற்கும் அவர்கள் சொல்லும் காரணம், பயிற்சியாளர் ஆங்கிலத்தில் சொல்லும் காரணமேதான்.

இரண்டாவது, தொடை. ஐ.எல்.சி.ஏ. படகில் பாதங்களைப் பட்டைக்குள் செருகி உடலைப் படகுக்கு வெளியே சாய்த்துத்தான் அதைக் கவிழாமல் நிறுத்த வேண்டும். பக்கத்துத் தச்சரிடம் சொல்லி, படகின் அகலத்துக்குச் சாய்ந்து உட்கார ஒரு பலகையும் கால்பட்டையும் அமைத்துக்கொண்டு, நாளும் அதில் தொங்கிப் பழகுங்கள். மூன்றாவது, நீச்சல். வாய்க்காலிலும் குளத்திலும் நீந்தத் தெரிந்தது போதாது. உயிர்காப்பு மேலாடையோடு அலையில் நீந்த வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதால், கடல் அறிந்த உறவினர் ஒருவரின் கண்காணிப்பில் பழக அது நல்ல காலம்.

தாள்கள்

பந்தயத்துக்குச் சில மாதம் முன்பே பந்தய அறிவிப்பு வெளியாகிவிடும். என்.ஓ.ஆர். என்று பந்தயக்காரர்கள் குறிப்பிடும் இந்த ஆவணத்தை அச்சிட்டு, அடிக்கோடிட்டு, இரண்டு முறை படியுங்கள். பதிவுக்குக் கடைசி நாள், தாமதக் கட்டணம், எத்தனை ஓட்டம் நடந்தால் ஒன்றைக் கழிக்கலாம், மூன்றாம் தரப்புக் காப்பீடு எவ்வளவு தொகைக்கு வேண்டும், வாடகைப் படகு யாரிடம் கிடைக்கும் என்பவையெல்லாம் அதில்தான் இருக்கும். கூடவே, உலகப் பாய்ப்படகுக் கூட்டமைப்பான வேர்ல்டு செய்லிங்கின் தளத்தில் வீரர் அடையாள எண்ணைக் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் படகு வகுப்பின் சங்கத்தில் அவ்வாண்டு உறுப்பினர் கட்டணத்தைச் செலுத்துங்கள். இந்தியப் பாய்ப்படகுச் சங்கத்துக்கு உங்கள் கிளப் வழியாகத் தகவல் கொடுங்கள்.

கடவுச்சீட்டுக்குத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்தார் திருச்சி மண்டல அலுவலகத்தின்கீழ் வருகிறார்கள். சிறுவர்களுக்கான கடவுச்சீட்டு ஐந்தாண்டுக்கோ பதினெட்டு வயது வரைக்கோ மட்டுமே செல்லும் என்பதால், ஆப்டிமிஸ்ட் ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோர் அதன் கடைசித் தேதியை இப்போதே எடுத்துப் பார்ப்பது நல்லது. ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க இயலாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். வடக்கு நாடுகளின் பந்தயங்கள் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை நடப்பதால், நமக்குத் தேர்வுக் காலமாகிய மார்ச், ஏப்ரலில்தான் விசா நேர்காணல் வந்து விழும். அதற்கேற்ப நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். செலவுக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு அழைப்புக் கடிதமும் செலவு மதிப்பீடும் இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், பதிவு உறுதியானவுடன் அமைப்பாளரிடம் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். சளிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், போட்டி நாட்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உடலில் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றமாகிவிடும். அம்மா கட்டிக் கொடுக்கும் மருந்துப் பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

படகை யாரும் விமானத்தில் கொண்டுபோவதில்லை, பாய்மரமும் நீளம். பாய், கயிறுகள், சுக்கானைத் திருப்பும் கைப்பிடியின் நீட்டுக்கோல், உயிர்காப்பு மேலாடை, திசைகாட்டி, ஐந்து நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ணும் கைக்கடிகாரம் ஆகியவற்றை நீங்கள் கொண்டுபோகலாம். வாயு உருளை பொருத்திய மேலாடை விமான நிலையத்தில் சிக்கலாகும். நுரை அடைத்ததே போதும். கயிறுகளை மட்டும் புதிதாக வாங்குங்கள். எனக்கு அறுந்த கயிற்றின் விலை சில நூறு ரூபாய். அதனால் அந்த ஓட்டத்தில் என் கணக்கில் ஏறியது 55 புள்ளி. நம் கடல் நீர் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் குளிருடையின் தேவை நமக்கு மனத்தில் தைப்பதில்லை. பால்டிக் கடலில் ஜூன் மாதத்திலும் நீர் 15 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். விரல் விறைத்தால் முடிச்சை அவிழ்க்க இயலாது.

வாடகைப் படகை வாங்கும்போது

பந்தயம் தொடங்க மூன்று நாள் முன்பே போய்ச் சேருங்கள். படகைக் கொடுப்பவர் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார், சேதத்துக்கான முன்வைப்புத் தொகையை அட்டையில் பிடித்து வைப்பார். கையெழுத்திடும் முன் படகைப் புரட்டிப் போட்டு அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு கீறலையும் தேதி தெரியும்படி படமெடுத்து, அந்தத் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். வடிகால் அடைப்பானின் வளையம், பாய்மரம் நிற்கும் குழி, சுக்கானின் ஆட்டம், நடுவே இறக்கும் பலகையின் விளிம்பு ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, கடலில் ஒரு மணி நேரம் ஓட்டி வந்தபின் உள்ளே எவ்வளவு நீர் புகுந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு குவளைக்கு மேல் இருந்தால் உடனே படகை மாற்றிக் கேளுங்கள்; முதல் நாள் கேட்டால் மாற்றித் தருவார்கள், இரண்டாம் ஓட்டத்துக்குப் பின் கேட்டால் சிரிப்பார்கள்.

பிறகு அளவைச் சோதனை. பாய், எண், நாட்டு எழுத்து ஆகியவற்றைச் சரிபார்த்து முத்திரை இடுவார்கள். முத்திரையிட்ட பாயைத்தான் தொடர் முடியும்வரை பயன்படுத்த வேண்டும்.

அறியாத கடலை அளப்பது

சூடேறும் கரை எதுவானாலும் கடற்காற்று உள்ளே வரும் விதம் ஒன்றே. ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள பால்மா விரிகுடாவில் எம்பாட் என்ற பெயரில் பிற்பகல்தோறும் வரும் காற்றைப் படித்தபோது, எனக்கு நாகூர்க் கரையே நினைவுக்கு வந்தது. காலையில் பந்தயக் குழு ஒத்திவைப்புக் கொடியை ஏற்றிக் காத்திருந்தால், அவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இந்தக் காற்றைத்தான். உங்கள் குறிப்பேட்டின் பழக்கம் இங்கே கைகொடுக்கும்: நண்பகலுக்கு முன் கடலின்மேல் மேகம் கரைந்து கரையின்மேல் திரள்கிறதா, நிலக்காற்று தளர்கிறதா என்று பாருங்கள். வட அரைக்கோளத்தில் கடற்காற்று வந்தபின் பொழுது சாயச் சாய வலப்பக்கமாகத் திரும்புவது வழக்கம். உள்ளூர் மலையும் முனையும் அதை மாற்றலாம் என்பதால் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

முதல் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கடலில் இறங்கி, காற்றை எதிர்த்து இரு பக்கமும் மாறி மாறி ஓடி, ஒவ்வொரு பக்கத்திலும் திசைகாட்டி காட்டும் எண்ணைப் படகின் மேல்தளத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஓட்டத்தின்போது அந்த எண் மாறினால் காற்று திரும்பிவிட்டது என்று பொருள். நீர்ப்பரப்பில் காற்று வரும் தடத்தைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. கதிர் வாங்கிய சம்பா வயலில் காற்று ஓடும் தடம் தெரிவதைப் போலத்தான் நீரிலும் கருமை ஓடி வரும். அது உங்களைத் தொடும் முன்பே உடலை வெளியே சாய்த்திருக்க வேண்டும்.

நம்மவர்க்கு உண்மையில் புதிதாக இருப்பது ஓதம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்தின் தென்கரை போன்ற இடங்களில் அது பல மீட்டர், அதனால் நீரோட்டமும் ஆற்றைப் போல் ஓடும். ஓத அட்டவணையை வாங்கிக் கையில் வையுங்கள். தொடக்க மிதவைக்கு அருகே, பாதி நீர் நிரப்பி மூடிய குப்பியை மிதக்க விட்டு, ஒரு நிமிடத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பார்த்தபின் குப்பியை எடுத்துவிடுங்கள்; கடலில் குப்பை போடுவதும் விதிமீறலே. நீரோட்டம் கோட்டை நோக்கித் தள்ளும் நாளில்தான் ஓ.சி.எஸ். கொத்துக் கொத்தாக விழும்.

தொடக்கக் கோடு

இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் எழுத்துகளில் பாதி இங்கேதான் விழுகின்றன. 2025 முதல் 2028 வரைக்கான பந்தய விதிகளை வேர்ல்டு செய்லிங் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன்படி ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் ஆயத்தக் கொடி ஏறும். ஒரு நிமிடத்தில் ஆயத்தக் கொடி இறங்கும். தொடக்கத்தில் வகுப்புக் கொடி இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒலி எழுப்புவார்கள் என்றாலும், நேரத்தைக் கொடியைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்; ஒலி கேட்கவில்லை என்று முறையிட்டால் விதி ஏற்காது. நான் தவறியது இங்கேதான். தொடக்கத்துக்குப் பின் எக்ஸ் கொடி ஒரே ஒலியோடு ஏறினால், யாரோ சிலர் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள், அவர்கள் திரும்பி வர வேண்டும் என்று பொருள். காற்றின் இரைச்சலில் ஒலி என் காதில் விழவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஆயத்தக் கொடி எது என்பதே நீங்கள் எவ்வளவு துணியலாம் என்பதைச் சொல்லும். பி (P) கொடி என்றால், முன்பே தாண்டியவர் கோட்டுக்குப் பின்னால் திரும்பி வந்து மீண்டும் தொடங்கலாம். ஐ (I) கொடி என்றால், கடைசி நிமிடத்தில் தாண்டியவர் கோட்டின் ஒரு முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். யு (U) கொடியோ கறுப்புக் கொடியோ ஏறினால், கடைசி நிமிடத்தில் கோட்டின் இரு முனைக்கும், சுற்றிவர வேண்டிய முதல் மிதவைக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் காணப்பட்ட படகு விசாரணையின்றித் தகுதி இழக்கும். யு கொடியின்கீழ் அந்த ஓட்டம் மீண்டும் தொடங்கப்பட்டால் பிழைக்கலாம், கறுப்பின்கீழ் அதுவும் இல்லை. புதியவருக்கு என் பரிந்துரை: முனைகளின் நெரிசலுக்குப் போகாமல் கோட்டின் நடுப்பகுதியில், ஒரு படகு நீளம் பின்னால் நின்று தொடங்குங்கள், யு அல்லது கறுப்பு என்றால் இரண்டு படகு நீளம். அதனால் சில இடங்கள் போகும், போகட்டும்.

ஓட்டத்தின் நடுவே மூன்று விதிகள் போதும். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு, அதாவது ஸ்டார்போர்டு படகுக்கு, இடப்பக்கத்துப் படகு விலக வேண்டும். ஒரே பக்கத்தில் அருகருகே ஓடினால், காற்று வரும் பக்கத்துப் படகு விலக வேண்டும். பின்னால் வரும் படகு முன்னால் போகும் படகுக்கு விலக வேண்டும். மிதவையை நெருங்கும்போது மூன்று படகு நீளத்துக்குள், அதாவது நமக்குச் சுமார் பன்னிரண்டரை மீட்டருக்குள், உட்புறப் படகுக்கு இடம் விடும் விதி வந்து சேரும். தவறிவிட்டீர்கள் என்று தோன்றினால், மற்றவரோடு வாதாடாமல் உடனே விலகிப் போய் இரண்டு முழுச் சுழற்சி செய்யுங்கள். மிதவையைத் தொட்டதற்கு ஒரு சுழற்சி. அரை நிமிடம்தான் போகும். சந்தேகம் வந்தாலே நான் சுழன்றுவிடுவேன். படகை ஆட்டியும் பாயை விசிறியும் வேகம் கூட்டுவதைப் பார்த்தால் நடுவர் மஞ்சள் கொடி காட்டிப் பாய் எண்ணைச் சொல்வார். முதல் முறை என்றால் அதற்கும் இரண்டு சுழற்சி.

ஆட்சேப அறை

மற்றவர் தவறு செய்து சுழலவில்லை என்றால், அந்தக் கணமே உரக்கப் 'புரொட்டஸ்ட்' என்று கூவ வேண்டும். கரைக்கு வந்ததும், பந்தயக் குழு தரும் நடைமுறைக் குறிப்பில் சொன்ன நேரத்துக்குள் படிவம் கொடுக்க வேண்டும். விசாரணை ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் இந்த அறைக்கு அஞ்சியே நியாயமான ஆட்சேபத்தையும் விட்டுவிடுகிறார்கள்; அது தேவையில்லாத அச்சம். அங்கே மேசைமேல் சிறு பொம்மைப் படகுகள் இருக்கும். காற்றின் திசையை முதலில் வைத்து, இரு படகையும் வைத்து, எத்தனை படகு நீள இடைவெளி, யார் எந்தப் பக்கம், யார் என்ன கூவினார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். இருபது வாக்கியத்துக்குள் அடங்கிவிடும் இதை ஊரிலேயே, தட்டில் புளியங்கொட்டையை நகர்த்தி, ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிக்கொள்ளலாம். பெற்றோரும் பயிற்சியாளரும் வாசலோடு நின்றுவிட வேண்டியிருக்கும் என்பதால், பிள்ளைகள் தாமே சொல்லப் பழகுவது இன்றியமையாதது. எதிராளி கோபமாகப் பேசினால் நீங்களும் குரலை உயர்த்தாதீர்கள். நடுவர்கள் எழுதிக்கொள்வது தூரத்தையும் திசையையும்தான்.

கடைசி நாள்

கடைசி நாள் எத்தனை மணிக்குப் பின் புதிய ஓட்டம் தொடங்காது என்று நடைமுறைக் குறிப்பில் இருக்கும். ஆனாலும் விமானத்தை மறுநாளுக்கே பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு மாலையும் முடிவுப் பட்டியலில் உங்கள் பாய் எண்ணை நீங்களே தேடிப் பாருங்கள். நீங்கள் முடித்த ஓட்டத்துக்கு டி.என்.எஃப். என்று பதிவாகியிருந்தால், உங்களுக்கு முன்னும் பின்னும் முடித்த படகுகளின் எண்களைக் குறிப்பிட்டுத் திருத்தக் கோரிக்கை கொடுக்கலாம். அதற்காகத்தான், முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. படகைத் திருப்பிக் கொடுக்கும்போது முதல் நாள் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பவரோடு சேர்ந்தே அடிப்பாகத்தைப் பார்த்து, முன்வைப்புத் தொகை விடுவிக்கப்பட்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பாயையும் கயிறுகளையும் நன்னீரில் அலசி, அன்றிரவே விடுதி அறையில் கொடி கட்டி உலர்த்திவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஊர் வந்து பிரிக்கும்போது பூஞ்சணம் பூத்திருக்கும்.